ஏழாம் லாட்

பிப்ரவரி 4

பாப்பாவுக்கு,

உனக்கு இனிமே எழுதவே கூடாதுன்னுதான் இருந்தேன். அம்மாவை எடுத்து ரெண்டு நாள் கழிச்சு நீ பெட்டியோட வந்து நின்னப்ப, வாசல்லயே திட்டித் திருப்பி அனுப்பினேன். பதினோரு மாசம் ஆகப்போகுது. அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. இப்ப எழுதுறது வேற விஷயம்.

உன் அத்தான் மெக்கானிக் ஷாப்பை மூடிட்டு, கண்ணிவெடி எடுக்கிற குழுவுல சேர்ந்து எட்டு மாசம் ஆச்சு. பழைய சண்டை நடந்த நிலத்துல மண்ணுக்குள்ள கிடக்கிற வெடியை முட்டி போட்டுத் தேடி எடுக்கிற வேலை. அவங்க போட்டுக்கிற மார்புக் கவசம் தைக்கிற யூனிட்லதான் நானும் இருக்கேன். துணிப்பை, உள்ள ஒரு தகடு, பின்னால ஸ்பாஞ்ச், நாலு பக்கமும் தையல். தகட்டுல ஒட்டியிருக்கிற சீட்டுல உன் லேப் பேர். நீ சோதிச்ச தகட்டை நான் தைக்கிறேன், அவர் போட்டுக்கிறார். குடும்பமே ஒரே சட்டைக்குள்ள இருக்கு, பேச்சுவார்த்தைதான் இல்ல.

போன மாசத்துலேருந்து பழைய கவசங்க யூனிட்டுக்குத் திரும்பி வருது. பிரிச்சு, வேற தகடு வெச்சு, மறுபடி தைக்கணும். இதுவரைக்கும் ஒன்பது. பிரிச்சா உள்ள தகடே இல்ல. ஜன்னல் கண்ணாடி உடைஞ்ச மாதிரி சில்லு சில்லா கொட்டுது. சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன்.

"லாரியிலேருந்து இறக்கும்போது கீழ போட்டுட்டாங்கம்மா."

"கீழ போட்டா முன்பக்கத் துணியில ஓட்டை விழுமா சார்?"

"நீங்க தைக்கிற வேலையைப் பாருங்க."

நேத்து வந்த ஒண்ணை யாரோ துவைச்சு அனுப்பியிருந்தாங்க. துவைச்சும் மடிப்புக்குள்ள கறை போகல. கவசத்தை யாரு துவைப்பா, பாப்பா? எதுக்குத் துவைக்கணும்?

ஒரு சில்லைத் துணிக்குள்ள வெச்சுத் தெச்சு இதோட அனுப்புறேன். கையை வெட்டிக்காதே. என்னன்னு பார்த்து எழுது. அக்கா கேக்குறான்னு எழுத வேண்டாம். தைக்கிறவ ஒருத்தி கேக்குறான்னு எழுது.

அக்கா

*

பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தை உறையில பார்த்ததும் கொஞ்ச நேரம் பிரிக்காமலே வெச்சிருந்தேன். அத்தான் இந்த வேலைக்குப் போனது எனக்குத் தெரியாது.

தகடு பத்திச் சொல்றேன். சாதாரண உலோகத்துல அணுக்கள் வரிசையா நிக்கும். உருக்கினதை அதுங்க வரிசை கட்ட விடாம சட்டுன்னு குளிர வெச்சா, கண்ணாடி மாதிரி தாறுமாறா உறைஞ்சிடும். இதுக்குப் பேரு உலோகக் கண்ணாடி. எஃகை விட பலம், எடையும் கம்மி. ஒரே ஒரு கெட்ட குணம், விரிசல் விழுந்தா ஒரே கோட்டுல மறுமுனை வரைக்கும் ஓடிடும். அதைத் தடுக்க உள்ளேயே மெத்துன்னு உலோக மணிகளை வளர விடுறோம். ஓடி வர்ற விரிசல் மணியில முட்டும், மணி இழுபட்டுக் கொடுக்கும், விரிசல் அங்கேயே நின்னுடும். எட்டு வருஷமா நான் பண்ற வேலை இதுதான். இந்தத் தகடு நல்ல தகடு.

ஒன்பது உடைஞ்சதுன்னு சொல்றே. எந்த நிலைமையில உடைஞ்சதுன்னு தெரியாம நான் ஒண்ணும் சொல்ல முடியாது. சீட்டுல லாட் நம்பர் இருக்கும், எந்தத் தடவை வார்த்த தொகுதின்னு காட்டுறது, அதை எழுது. சில்லு மேஜை டிராயர்ல பத்திரமா இருக்கு. வேலை நெருக்கடி, இன்னும் பார்க்கல.

இதையெல்லாம் போன்ல பேசாதே. எங்க ஆபீஸ் போன், மெயில் எல்லாத்தையும் பார்க்கிறாங்க. வீட்டு முகவரிக்கே எழுது.

அம்மா விஷயமா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இப்ப வேண்டாம்.

பாப்பா

*

பிப்ரவரி 21

பாப்பாவுக்கு,

எட்டு வருஷம் ஆராய்ச்சி பண்றவளுக்கு ஒரு சில்லைப் பார்க்க நேரம் இல்லையாம். சின்ன வயசுல கண்ணாடி டம்ளரை உடைச்சிட்டு, "நான் அந்தப் பக்கமே போகல"ன்னு சொல்லுவியே, அதே குரல் இந்தக் கடிதத்துல கேக்குது.

லாட் நம்பர் கேட்டே. இப்ப பதிமூணு ஆகிடுச்சு. பதிமூணும் ஏழாம் லாட். ஒண்ணு கூட ஆறு இல்ல, அஞ்சு இல்ல.

அவர் போன வாரம் லீவுல வந்திருந்தார். அவர் கவசத்தை நானேதான் தெச்சேன். தோள் அகலம்னு ரெண்டு விரல் கூடுதலா விட்டுத் தெச்சேன். உள் மடிப்பைப் புரட்டி சீட்டைப் பார்த்தேன். ஏழு.

"இதைப் போட்டுக்காதீங்க"ன்னு சொன்னேன்.

"வெறும் பனியனோட வெடி எடுக்கச் சொல்றியா? கவசம் இல்லாம எல்லைக் கயிறைத் தாண்டவே விட மாட்டாங்க" அப்படின்னு சிரிக்கிறார். ஞாயித்துக்கிழமை கிளம்பிட்டார். அங்க டவர் கிடையாது, போன் கொண்டு போகவும் கூடாது. திங்கக்கிழமை போய் வியாழக்கிழமை திரும்புற தண்ணி லாரிதான் தபால்காரன்.

யூனிட்ல புதுசா ஒரு சட்டம். பிரிச்ச சில்லை எல்லாம் எடை போட்டுத் திருப்பித் தரணும். கேட்டுல எங்க பையைக் கொட்டிப் பார்க்கிறாங்க. லாரியில விழுந்து உடைஞ்ச குப்பையை யாராவது எடை போடுவாங்களா? பக்கத்து மெஷின்காரி பயந்துபோய் லீவு போட்டுட்டா. நீயாவது பயப்படாம எழுது.

அக்கா

*

மார்ச் 1

அக்கா,

நீ அனுப்பின சில்லை வந்த அன்னிக்கே மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பார்த்துட்டேன். பார்க்கலன்னு எழுதினது பொய்.

உடைஞ்ச முகம் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தது. நல்ல தகடா இருந்தா சொரசொரன்னு, பிச்சு இழுத்த மாதிரி இருக்கணும். மணிகள் இருக்கு, ஆனா தூசு மாதிரி பொடியா இருக்கு. பாதி உருகின பதத்துல உலையில இருபது நிமிஷம் நிறுத்தினாத்தான் மணி பெருசாகும். ஆர்டர் கூடிப் போச்சுன்னு வார்ப்பு ஆலையில அதை நாலு நிமிஷமா குறைச்சிருக்காங்க. ஏழாம் லாட்லேருந்து.

மெதுவா வளைச்சா பொடி மணியும் தாங்கும். நீ எவ்வளவு அழுத்தினாலும் தகடு வளையும், உடையாது. வெடிச்சிதறல் வர்ற வேகத்துல அடி விழுந்தா மணி இழுபட நேரமே இல்ல. விரிசல் வந்துட்டுப் போனது அந்த மணிக்கே தெரியாது.

இதைக் கண்டுபிடிக்கத்தான் எங்க லேப்ல வேகச் சோதனை வெச்சிருக்கோம். ரெண்டு நீள எஃகுத் தண்டுக்கு நடுவுல துண்டை வெச்சு, காற்றழுத்தத்துல மூணாவது தண்டை ஏவி அடிக்கணும். ஒரு லாட்டுக்கு முப்பது துண்டு, மூணு வாரம் ஆகும். ஏழாம் லாட்டுக்கு அந்தச் சோதனை நடக்கல. மெதுவா வளைச்சுப் பார்த்தாலே போதும்னு ஒரு காகிதம் வந்தது. அதுல கையெழுத்து போட்டது நான்.

தேதி போன வருஷம் மார்ச் பத்து. அன்னிக்குக் காலையில நீ போன் பண்ணினே. "இன்னிக்குக் கிளம்பலேன்னா நீ அவளுக்குப் பொண்ணே இல்ல"ன்னு சொன்னே. மேனேஜர்கிட்ட லீவு கேட்டேன். "வேகச் சோதனையை முடிச்சிட்டுப் போ, இல்லேன்னா இதுல கையெழுத்து போட்டுட்டுப் போ" அப்படின்னார். போட்டேன். போட்டுட்டு ஓடினேன். வழியில வெள்ளம், ரெண்டு நாள் ரயில் நின்னுபோச்சு. நீ வாசல்ல கத்தினப்ப இதைச் சொல்ல வாய் வரல.

நான் உன் மேல பழி போடல. கையெழுத்து என்னோடது.

அத்தானை அந்தக் கவசத்தைப் போட வேண்டாம்னு சொல்லு. ஆறும் அதுக்கு முந்தினதும் சரியானது. அதுல ஒண்ணு எப்படியாவது வாங்கிக்கச் சொல்லு. தள்ளிப் போடாதே.

பாப்பா

*

மார்ச் 9

பாப்பா,

உன் கடிதத்தைப் படிச்சிட்டு நாலஞ்சு நாளா பதில் எழுத முடியல. பழி போடலன்னு நீ எழுதியிருக்கே. பழி போட்டிருந்தா கூட உன்னோட சண்டை பிடிச்சு ஆத்திக்கலாம். அம்மா மூணு நாளா கதவையே பார்த்துக்கிட்டு கிடந்தா, நான் வேற என்ன பண்ணியிருக்கணும்? சொல்லு. நீ வேலைதான் முக்கியம்னு தங்கிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கேன். அதை இப்ப எங்க போய்த் துடைக்கிறது?

சரி, அது கிடக்கட்டும். நீ எழுதினதைச் சுருக்கி ஒரு தாள்ல எழுதி, அன்னிக்கே தண்ணி லாரி டிரைவர்கிட்ட குடுத்தேன். அவங்க குழுத் தலைவி ஒரு அம்மா. முன்னால பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லிக் குடுத்தவங்க, எல்லாரும் டீச்சர்னுதான் கூப்பிடுவாங்க. படிச்சதும் அன்னிக்கே வேலையை நிறுத்திட்டாங்களாம். எனக்கு உயிர் வந்தது.

மூணாம் நாள் கம்பெனி ஆள் ஒருத்தர் ஜீப்புல வந்திருக்கார். ஏழாம் லாட் தகடு ஒண்ணை எடுத்து ரெண்டு கல்லு மேல வெச்சு, தண்ணி லாரியையே அது மேல ஏத்தச் சொன்னாராம். லோடு லாரி! தகடு வில்லு மாதிரி வளைஞ்சு, லாரி இறங்கினதும் பழையபடி நிமிர்ந்துடுச்சாம். எல்லாரும் கை தட்டியிருக்காங்க. மறுநாள் காலையில வேலை ஆரம்பம். உன் அத்தான் சீட்டு எழுதி அனுப்பியிருக்கார்: "உன் தங்கச்சிகிட்ட சொல்லு, லாரியே ஏறியும் உடையல. நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே இருந்திருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்."

நீ சொன்னது பொய்யா, அவங்க காட்டினது பொய்யா?

அக்கா

*

மார்ச் 15

அக்கா,

ரெண்டும் பொய் இல்ல. அதுதான் பயமே. லாரி எவ்வளவு கனமா இருந்தாலும் மெதுவாத்தான் ஏறுது. அந்த ஆளுக்கு இது நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் லாரியை ஏத்தச் சொல்லியிருக்கார்.

ரெண்டு நாள் முன்னால ஸ்டோர்லேருந்து ஆறாம் லாட் தகடு ஒண்ணு, ஏழாம் லாட் தகடு ஒண்ணு எடுத்தேன். யார்கிட்டயும் கேக்கல. ரெண்டையும் துண்டு போட்டு தண்டுக்கு நடுவுல வெச்சு அடிச்சேன். வேகக் கேமராவுல எடுத்த நாலு படம் இதோட இருக்கு. முதல் ரெண்டு ஆறாம் லாட். நடுவுல நசுங்கியிருக்கு, விரிசல் பாதியில நிக்குது பார். அடுத்த ரெண்டு ஏழாம் லாட். ஒரு படத்துல முழுசா இருக்கு, அடுத்த படத்துல துண்டே இல்ல. ரெண்டு படத்துக்கும் நடுவுல இருக்கிற நேரத்துல கண் இமையைக் கூட அசைக்க முடியாது.

மூணாவது அடி அடிக்கும்போது மேனேஜர் உள்ள வந்துட்டார். "யாருக்காக பண்றே?"ன்னு கேட்டார். "அத்தானுக்காக"ன்னு சொன்னேன். என் அடையாள கார்டை வாங்கிக்கிட்டார். "வீட்டுல இரு, கூப்பிடுறோம்"ன்னார். முதல் ரெண்டு அடியோட படத்தை அதுக்கு முன்னாலயே பிரிண்ட் போட்டு வெளிய கொண்டு வந்துட்டேன். வெடி அகற்றும் ஆணையத்துக்கு ஒரு செட் அனுப்பியாச்சு.

இந்தப் படங்களை டீச்சர்கிட்ட சேர்த்துடு. கணக்கு டீச்சர்னு சொன்னியே, அவங்களுக்குப் புரியும். அடுத்த லாரி எப்ப?

என் வீட்டுக்கு எதிர்ல ரெண்டு நாளா ஒரு கார் நிக்குது. உள்ள ஒருத்தர் பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கார். தினமும் அதே பேப்பர்.

பாப்பா

*

மார்ச் 27

பாப்பா,

உன் படங்கள் வியாழக்கிழமை கிடைச்சுது. திங்கக்கிழமை லாரியில அனுப்பினேன். நடுவுல சனிக்கிழமை ஒண்ணு வந்துடுச்சு.

உன் அத்தான் வீட்டுலதான் இருக்கார். அவருக்கு ஒண்ணும் ஆகல. முதல்ல அதைச் சொல்லிடறேன்.

டீச்சர் போயிட்டாங்க.

காலை பத்து மணி இருக்கும். அவர் பதினஞ்சு அடி பின்னால முட்டி போட்டிருந்தாராம். சின்ன வெடிதான். நல்ல கவசமா இருந்தா எழுந்து உக்காந்து தண்ணி கேட்டிருப்பாங்கன்னு சொல்றார். அதுக்கு மேல சொல்ல மாட்டேங்குறார். சாப்பாட்டுத் தட்டை மடியில வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கார்.

அந்தக் கவசம் நேத்து என் மேஜைக்கு வந்தது. துவைச்சிருந்தாங்க. சூப்பர்வைசர் பின்னாலயே நின்னுக்கிட்டு, "பிரிங்கம்மா, இன்னிக்கே அனுப்பணும்"னார். கையில எடுத்தேன். தோள்ல ரெண்டு விரல் கூடுதல். என் தையல், பாப்பா. அவருக்கு நான் தெச்சது.

ராத்திரி அவர்கிட்ட கேட்டேன். அப்பத்தான் வாயைத் திறந்தார். கம்பெனி ஆள் லாரி ஏத்திக் காட்டிட்டுப் போன அன்னிக்கு சாயங்காலம், டீச்சர் தன் கவசத்தைக் கழட்டி இவர்கிட்ட குடுத்திருக்காங்க. அது அஞ்சாம் லாட்.

"உன் பொண்டாட்டி பயந்து எழுதியிருக்கா. நீ இதைப் போட்டுக்க, உன்னதைக் குடு."

"வேண்டாம் டீச்சர், லாரியே ஏறியும் உடையலையே."

"உடையலைன்னா எனக்கும் ஒண்ணும் இல்லதானே? குடு. எனக்கு யாரும் கடிதம் எழுதல."

அவங்க சின்ன உருவம். தோள் தொளதொளன்னு இருந்திருக்கும். குனியும்போது கழுத்துப் பக்கம் விலகிக்கிட்டே இருந்ததாம், ஒரு கையால இழுத்து விட்டுக்கிட்டே வேலை பார்த்திருக்காங்க.

அவர் உயிரோட வந்ததுக்கு முதல்ல சந்தோஷப்பட்டேன். அதை மறைக்க மாட்டேன். அந்தக் கவசத்தை நான் பிரிக்கல. மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். சூப்பர்வைசர் பிடுங்க வந்தார். பக்கத்து மெஷின்காரி எழுந்து மெஷினை ஆஃப் பண்ணினா. லீவு போட்டுட்டு ஓடினவ அவதான். அப்புறம் ஒவ்வொண்ணா எல்லா மெஷினும் நின்னுச்சு. ஒருத்தி ஆணையத்துக்குப் போன் பண்ணினா, அவங்க ஆளுங்க வர்ற வரைக்கும் நாலு மணி நேரம் அப்படியே இருந்தோம். கவசத்தை அவங்க கையில குடுத்து ரசீது வாங்கிக்கிட்டேன்.

வேலை போயிடுச்சு. அது பரவாயில்ல.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

உன் கடிதத்தை எத்தனை தடவை படிச்சேன்னு தெரியல. டீச்சர் முகம் எப்படி இருக்கும்னு கூட எனக்குத் தெரியாது.

பத்தாம் தேதி விசாரணை. மேனேஜர் நேத்து போன் பண்ணினார். குரல் ரொம்ப மரியாதையா இருந்தது. "வேகச் சோதனை மெஷின் அப்ப ரிப்பேர்ல இருந்ததுன்னு சொல்லிடு. உனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது" அப்படின்னார். "ரிப்பேர்ல இல்லையே சார்"னேன். "உங்க அக்கா வீட்டுக்காரர் இன்னும் அந்த வேலையிலதானே இருக்கார்?" அப்படின்னு கேட்டுட்டு வெச்சிட்டார்.

நடந்ததை அப்படியே சொல்லப் போறேன். உன் போன் பத்தி மட்டும் சொல்ல மாட்டேன். அது நம்ம வீட்டு விஷயம். அவசரமா ஊருக்குப் போகணும்னு இருந்தது, போட்டேன், அவ்வளவுதான்.

பாப்பா

*

ஏப்ரல் 6

பாப்பா,

சொல்லு. என் போனையும் சொல்லு. நான் என்ன வார்த்தை சொன்னேனோ அதை அப்படியே சொல்லு. பாதியை மறைச்சா மீதியையும் நம்ப மாட்டாங்க. உனக்கு வேண்டியவங்க யாராவது வந்து நிக்கணும்னு சட்டம் இருந்தா நான் வரேன். இல்லேன்னாலும் வரேன், வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கேன்.

உன் அத்தான் திரும்பிப் போகல. போக மாட்டேன்னும் சொல்லல.

அக்கா

*

ஏப்ரல் 12

அக்கா,

நீ பஸ் ஏறுறதுக்குள்ள சொல்ல மறந்ததை எழுதுறேன். உள்ள ரெண்டு மணி நேரம் பேசினேன். உன் போனைச் சொன்னப்ப வாக்குமூலம் எழுதிக்கிட்டிருந்த அதிகாரி அம்மா பேனாவை நிறுத்திட்டு என்னைப் பார்த்தாங்க. அப்புறம் எழுதினாங்க.

ஏழாம் லாட்டை யாரும் போடக் கூடாதுன்னு உத்தரவு வந்தாச்சு. உலை நேரம் பழையபடி இருபது நிமிஷம். எனக்கு வேலை இல்ல, என் மேலயும் வழக்கு உண்டு. அது சரிதான்.

மோசமான விஷயம் இது: ஏழாம் லாட்ல மொத்தம் இருநூத்தி நாப்பது தகடு. திரும்பி வந்தது நூத்திப் பன்னிரண்டு. மீதி நன்கொடைன்னு சொல்லி வேற வேற நாட்டு முகாம்களுக்கு போன வருஷமே போயிடுச்சு. அனுப்பின பதிவேட்டுல இருபத்தி மூணு முகாம். கம்பெனி எல்லாருக்கும் தகவல் சொல்லிட்டதா சொல்லுது. நான் நம்பல. பட்டியலை நகல் எடுத்து இதோட வெச்சிருக்கேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், நீ எழுது. படம் பிரிண்ட் போட்டு நான் அனுப்புறேன்.

பாப்பா

*

மே 3

பாப்பா,

இருபத்தி மூணு கடிதமும் போட்டாச்சு. ஒவ்வொண்ணுலயும் நாலு படம். அந்தந்த பாஷையில எழுத ஆள் தேடினேன், எட்டுக்குத்தான் கிடைச்சாங்க. மீதிக்கு தகடு படம் வரைஞ்சு, ஏழுன்னு போட்டு, மேல பெருக்கல் குறி போட்டிருக்கேன். உன் அத்தான்தான் வரைஞ்சார். டீச்சர் போனப்புறம் அவர் கையில எடுத்த முதல் வேலை அது.

ரெண்டு முகாம்லேருந்து பதில் வந்தது. கழட்டி வெச்சிட்டாங்களாம். ஒண்ணுல கீழ ஏழு பேர் கையெழுத்து போட்டிருக்காங்க. அதைப் பார்த்துட்டு நான் அழுதேன்.

நேத்து ஒரு கடிதம் அப்படியே திரும்பி வந்தது. பிரிக்கல. பெறுநர் இல்லைன்னு முத்திரை. "முகாமை வேற இடத்துக்கு மாத்தியிருப்பாங்களா?"ன்னு அவர்கிட்ட கேட்டேன். உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரையில தேதியைப் பார்த்தார். "இடம் மாறினா அங்க அனுப்பியிருப்பாங்க, வாங்க ஆள் இல்லேன்னாத்தான் இப்படி வரும்"னார். எழுந்து போய் வாசப்படியில உக்காந்துட்டார்.

இன்னிக்குக் காலையில இன்னும் மூணு திரும்பி வந்திருக்கு. அதே முத்திரை.

தனியா இதுங்களைப் பார்த்துக்கிட்டு என்னால உக்காந்திருக்க முடியல. உடனே கிளம்பி வா.

அக்கா